வியன்னாவில் கொடுக்காத சேதி

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போவதென்றால் நடுவில் ஏதாவது ஒரு ஐரோப்பிய நகரத்தில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். உங்களில் பலர் அங்கே ஏர்போர்ட் நாற்காலிகளில் தூங்கி எழுந்து போனீர்கள். சிலருடைய அப்பாக்கள் துணிச்சல்காரர்கள். விசா வாங்கி, இரண்டு மூன்று நாள் தங்கி, ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டிப் போனார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது யார் எந்த ஊரைப் பார்த்தோம் என்று பீற்றிக்கொள்வோம். அந்த வருடம் நான் வியன்னாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உங்களில் யாருக்காவது அது அப்போது உறைத்ததா, தெரியாது. இப்போது நமக்கெல்லாம் முட்டி வலி வந்துவிட்டது. பிள்ளைகள் காலேஜுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். எல்லோருமாக ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. கோபிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவின் அப்பா இருந்தார். எங்கள் பக்கம் அவரை அப்பாரு என்போம். அவருக்கு நெஞ்சு வலி வந்துவந்து போய்க்கொண்டிருந்தது. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் சித்தப்பா.

சித்தப்பா அதற்கு முன்பே இரண்டு முறை போன் செய்து, "சீரியஸ், உடனே வாங்க" என்று சொல்லியிருந்தார். முதல் முறை அப்பா தனியாக அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால் அப்பாரு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இரண்டாவது முறை அப்பா இரண்டு நாள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று தகவல் வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் 'சீரியஸ்' என்பது கேலி வார்த்தை ஆகிவிட்டது. தம்பி பால் குடிக்க அடம்பிடித்தால், "நிலைமை ரொம்ப சீரியஸ்" என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

வியன்னாவில் மூன்று நாள் தங்கலாம் என்று அப்பா சொன்னபோது அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, நேரா ஊருக்கே போயிரலாமுங்க. மாமாவுக்கு ஒடம்பு செரியில்லாதப்ப நடுவுல எதுக்கு ஊர் சுத்தோணும்?"

பசங்க நாலு இடம் பார்க்கட்டும் என்று அப்பா முடித்துவிட்டார். ரயிலேறி நியூயார்க் போய், வரிசையில் நின்று விசா வாங்கி வந்தார். எங்களுக்காகத்தான் என்று வெகுகாலம் நம்பினேன். இப்போது யோசித்தால் அப்பாருவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தயக்கம் இருந்திருக்கிறது. இரண்டே வருடத்தில் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அமெரிக்கா வந்தவர் அவர். ஒவ்வொரு முறையும் அப்பாரு, "எப்பப்பா?" என்று மட்டும்தான் கேட்பாராம். அந்த ஒரு கேள்வியை மூன்று நாள் தள்ளிப்போட ஒரு நகரம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு வியன்னா என்றால் ஒன்றே ஒன்றுதான். பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் அந்த ஊரின் ராட்டினத்தைப் பார்த்திருந்தேன். நம் கோயில் திருவிழா ராட்டினம் மாதிரி தொட்டில் தொட்டிலாக இருக்காது. ஒவ்வொன்றும் ஜன்னல் வைத்த சிவப்பு மர அறை, உள்ளே பத்துப் பேர் நின்றுகொண்டு போகலாம். மே மாதத்திலிருந்து அப்பாவைப் பிடுங்கியெடுத்து வாக்கு வாங்கி வைத்திருந்தேன்.

நாங்கள் தங்கியது ஒரு பழைய சின்ன ஹோட்டல். அறையில் போன் கிடையாது, எது வந்தாலும் கீழே வரவேற்பு மேசைக்குத்தான் வரும். இரவு முழுக்க அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். ஒல்லியான ஆள், கை இல்லாத பழுப்பு ஸ்வெட்டர், சட்டையில் பெயர் எழுதிய சின்னப் பித்தளைத் தகடு. காலை ஏழு மணிக்கு அவர் போய்விடுவார், பகலுக்கு வேறொரு பெண் வருவாள். தினமும் விடிந்ததும் நான் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவேன், அவர் உள்ளே போய் வெந்நீர் நிரப்பிக்கொண்டு வருவார். தம்பிக்கு என்று ஒரு சர்க்கரைக் கட்டியைத் தாளில் சுற்றித் தருவார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து இங்கிலீஷ் பேசுவார்.

முதல் இரண்டு நாளும் மழை. தம்பிக்குக் காய்ச்சல் வேறு. ஜன்னலோரம் உட்கார்ந்து டிராம்களை எண்ணியதோடு சரி. ஆகவே பார்க்க வேண்டியதெல்லாம் கடைசி நாளின் தலையில் விழுந்தது. முந்தின நாள் சாயங்காலமே அப்பா ஆபீஸ் நோட்டுத் தாளில் மணி போட்டு வரிசையாக எழுதிவிட்டார். அரண்மனை, தோட்டம், தேவாலயம், அதன் கோபுரம், ராஜாவின் நகைகள், எல்லாம் முடிந்து ராட்டினம். அம்மா அதைப் படித்துவிட்டு, இதில் உட்காருவதற்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

அந்தக் கடைசி நாள் காலை நான் ஃப்ளாஸ்க்கோடு இறங்கியபோது பெரியவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நானே மேலே வர இருந்தேன், நீ வந்துவிட்டாய் என்றார். நான்காக மடித்த ஒரு தாளை என் கையில் வைத்தார். அப்பாவிடம் கொடு, இந்தியாவிலிருந்து, முக்கியம் என்றார். முக்கியம் என்பதை இரண்டு முறை சொன்னார்.

மாடிப்படியில் நின்று பிரித்துப் படித்தேன். உங்கள் தம்பி போன் செய்தார், உங்கள் அப்பாவின் நிலைமை மிகவும் சீரியஸ், உடனே கிளம்பவும். சாய்வான நீல மை எழுத்து.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் உண்மை. அடுத்த நொடி, இதைக் கொடுத்தால் அப்பா பெட்டியைத் தூக்கிவிடுவார், ராட்டினம் கிடையாது என்று புரிந்தது. எப்படியும் மறுநாள் கிளம்பத்தானே போகிறோம், சித்தப்பா எப்போதும் இப்படித்தானே என்று அப்பாவின் குரலிலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராட்டினத்திலிருந்து இறங்கியதும் கொடுத்துவிடலாம். தாளைக் காலுறைக்குள் செருகி ஷூவை மாட்டிக்கொண்டேன்.

அந்த நாளை நீங்கள் கேட்டால் மணி வாரியாகச் சொல்வேன். வெயில் கொளுத்தியது. அரண்மனையில் அறை அறையாக, தங்க முலாம் பூசிய சுவர்களுக்கு நடுவில் ஒரு கும்பலோடு கும்பலாக நகர்ந்தோம். தம்பி அப்பாவின் தோளில் தூங்கிவிட்டான். தோட்டத்துப் பெஞ்சில் அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது காவலாளி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பழைய ஊருக்குள் எங்கும் குதிரைச் சாணி வாசனை. தேவாலயக் கூரையில் பாய் பின்னின மாதிரி கலர் ஓடுகள். அதன் கோபுரத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் படிகள். அப்பா ஏறியே தீர வேண்டும் என்றார், நானும் பின்னால் ஏறினேன். சுற்றிச் சுற்றி ஏறும் குறுகலான கல் படிகளில் ஒவ்வொரு படிக்கும் அந்தத் தாள் கணுக்காலில் உரசியது.

இறங்கி வந்து நடந்துகொண்டிருந்தபோது ஒரு தபால் நிலையம் வந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுக்குப் பேசும் கண்ணாடிக் கூண்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அப்பா நின்றுவிட்டார்.

"ஊருக்கு ஒரு கால் போட்டுட்டு வந்தர்றேன். என்னமோ மனசுல ஓடிட்டே இருக்குது."

உள்ளே கூட்டமாக இருந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, லேட் ஆயிரும். வீல் க்ளோஸ் பண்ணிருவாங்க. யு ப்ராமிஸ்ட்."

நாளை மறுநாள் நேரிலேயே பார்க்கப் போகிறீர்களே என்று அம்மாவும் சொன்னாள். கால் வலி அவளுக்கு. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். அதுவும் சரிதான் என்று நடந்தார். அந்தத் தாளை மறைத்ததை விட, அந்தக் கையைப் பிடித்து இழுத்ததைத்தான் நான் அதிக முறை நினைத்துக்கொள்கிறேன்.

ராட்டினத்தில் ஏறினோம். அந்த மர அறை மெதுவாக, மிக மெதுவாக மேலே போனது. தம்பி பயந்து அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அம்மா அந்தப் பயணத்திலேயே முதன்முறையாகச் சிரித்தாள். உச்சிக்குப் போனதும் அப்பா என்னை ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்தார், பதினொரு வயதுப் பெண்ணை. "அந்தப் பக்கந்தான் கெழக்கு. நம்மூரு அங்கதான் இருக்குது" என்றார். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. இறங்கும் வரைக்கும் தாளின் ஞாபகமே இல்லை.

இறங்கியதும் பாத்ரூமுக்குப் போய் ஷூவைக் கழற்றினேன். தாள் வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்து, மை எல்லாம் கலங்கிக் கிடந்தது. இப்போதுதான் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. காலையிலேயே கொடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சுக்குநூறாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். எல்லாம் உள்ளே போகும்வரை நின்று பார்த்தேன்.

மறுநாள் விடிகாலை அந்தப் பெரியவரே மேலே வந்து கதவைத் தட்டினார். அப்பாவுக்கு போன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டு நாங்களும் இறங்கினோம். அப்பாரு இரவே போய்விட்டார். நேற்றே சொன்னேனே, ஹோட்டலில் சேதி சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேனே, நீங்கள் ஏன் கிளம்பவில்லை என்று சித்தப்பா அந்தப் பக்கம் அழுதிருக்கிறார். நேற்று மதியமே ஒரு விமானம் இருந்தது.

அப்பா லுங்கியோடு மேசைக்கு முன்னால் நின்று கத்தினார். அவர் வெளியாள் ஒருவரிடம் குரலை உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை. சேதி வந்ததா, எழுதினாயா, யாரிடம் கொடுத்தாய் என்று மேசையைத் தட்டினார்.

பெரியவர் என்னைப் பார்த்தார்.

அதில் கோபம் இல்லை. நான் பேசுவதற்கு அவர் இடம் விட்டார். ஐந்து நொடி இருக்கும். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். பிறகு அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, "ஐ ஆம் ஸாரி, ஸார். இட் இஸ் மை மிஸ்டேக்" என்றார். அப்பா அவருடைய பித்தளைத் தகட்டைப் பார்த்துப் பெயரைப் பட்டியல் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார்.

டெல்லி, மெட்ராஸ், கோயமுத்தூர் என்று மாறி மாறி நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தது அடுத்த நாள் சாயங்காலம். அப்பாருவை மதியமே எடுத்துவிட்டார்கள். ஐஸ் வைத்து ஒரு நாள் காத்திருந்தார்கள், அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். பந்தல்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மொட்டைத் தலையோடு ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை அவர் வைத்திருந்தார்.

அப்பா கேட்டது ஒன்றுதான். "மொகம் எப்படி இருந்துச்சு?"

"தூங்கற மாதிரித்தான் இருந்தாருங்ணா."

அப்பா பேண்ட்டும் ஷூவுமாகவே சுடுகாட்டுப் பக்கம் நடந்து போனார். ஒரு நாள் முன்னால் கிளம்பியிருந்தால் அந்த முகத்தை அவர் பார்த்திருப்பார். அந்தக் கணக்கை அன்றைக்கே போட்டுவிட்டேன். இன்றுவரை அது மாறவில்லை.

பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்பிய பிறகு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை என்னைப் புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார். டைப் அடிப்பதில் நான் வேகம். ஹோட்டல் நிர்வாகத்துக்கு ஒரு புகார்க் கடிதம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பெரியவரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நடுவில் நிறுத்தி என்னைக் கேட்டார்.

"கேர்லெஸ்ஸை விட ஸ்ட்ராங்கா ஒரு வார்த்தை இருக்குமே அம்மிணி, என்னது அது?"

"நெக்லிஜென்ட்" என்றேன்.

ஸ்பெல்லிங் பட்டியலில் வந்த வார்த்தை. அதை அடித்தேன், அப்பா கையெழுத்துப் போட்டார். இலையெல்லாம் உதிர்ந்த பிறகு பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், அந்த ஊழியர் இப்போது எங்களிடம் பணியில் இல்லை. அப்பா சத்தமாகப் படித்துவிட்டு, போகட்டும் என்றார். அன்று ராத்திரி இரண்டாவது முறை சோறு போடச் சொன்னார். அம்மா முகத்தில் அத்தனை நிம்மதி. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டு வயதில் முதல் முறை வாயைத் திறந்தேன், அம்மாவிடம். என் மூத்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சொன்னாள்.

"அவருகிட்டச் சொல்லீராத கண்ணு. அந்த ஹோட்டல்காரன் மேல கோவம் இருக்கறதுனாலதான் மனுசன் நடமாடிட்டு இருக்கறாரு. அது போச்சுன்னா அவரு மேலயே திரும்பும். இல்லீன்னா உன்ற மேல."

அம்மா எங்களை எல்லாம் காப்பாற்றுவதாக நினைத்தாள். அந்தப் பெரியவரை யார் காப்பாற்றுவது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் ஆபீஸ் வேலையாக வியன்னா போனபோது அந்தத் தெருவைத் தேடிப் போனேன். ஹோட்டல் இருந்த கட்டடத்தில் வக்கீல் ஆபீஸ்கள். பக்கத்து ரொட்டிக் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், உதட்டைப் பிதுக்கினாள்.

அம்மா போன பிறகு அப்பா பிஸ்கட்டவேயில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். கண் பார்வை மங்கிவிட்டது. அவருக்கு வரும் இன்ஷூரன்ஸ் கடிதம், ஹாஸ்பிடல் கடிதம் எல்லாம் நான்தான் பிரித்துப் படித்துச் சொல்வேன். போன வருடத்துக்கு முந்தின ஆடி அமாவாசைக்கு அவரை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அப்பாருவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, 287-ஆம் நெடுஞ்சாலையில், காருக்குள் அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். அந்த ஆள் மட்டும் சேதியைக் கொடுத்திருந்தால் என்று.

"அப்பா, அவரு குடுத்தாரு. என்கிட்டத்தான் குடுத்தாரு. நான்தான் உங்ககிட்டக் குடுக்கல" என்றேன்.

அவர் அடுத்த எக்ஸிட்டில் இறங்கச் சொன்னார். ஒரு காபிக் கடையின் பார்க்கிங் லாட்டில் நிறுத்தினேன். ஏன் என்று கேட்டார். ராட்டினத்தில் போக வேண்டும் என்றுதான் என்றேன். தலையை ஆட்டினார்.

"நீ சின்னப் புள்ள. அத விடு." பிறகு, "லெட்டர் டைப் பண்ணயே. அப்பவும் சொல்லல."

நான் இன்ஜினை அணைத்தேன்.

"அந்த மனுசன் பேரென்ன?"

சொன்னேன். நான் மறந்ததில்லை. அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், நாக்கில் சரியாக வரவில்லை.

"என்ற கையெழுத்துல ஒரு மனுசன் வேலை போயிருக்குது அம்மிணி."

தன் அப்பாவின் முகத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கோபமா அப்பா என்று கேட்டேன். கோபமென்று இல்லை, கொஞ்ச நாள் ஆகும் என்றார். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. அப்பா என்னோடு பேசுகிறார், சாப்பிடுகிறார், என் சின்ன மகளின் லேக்ராஸ் மேட்ச்சுக்குக் கூட வருகிறார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தபால் வந்தால் என்னிடம் தருவதில்லை. எடுத்து அவர் அறையில் ஒரு ஷூ பெட்டியில் போட்டு வைத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை டல்லஸிலிருந்து தம்பி வீடியோவில் வருவான். அப்பா ஒவ்வொரு கடிதமாகப் பிரித்து போனுக்கு முன்னால் பிடிக்கிறார். இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கிட்டே என்று அவன் சொல்கிறான். தம்பியின் தமிழ் உங்களுக்குத் தெரியும். தட்டுத் தடுமாறி, பாதி இங்கிலீஷில் அர்த்தம் சொல்கிறான். புரியாத இடத்தில் அப்பா பொறுமையாகத் திரும்பவும் கேட்கிறார். நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.